புன்னைக்காயல் அலையாத்திக் காட்டில் ஜியோகேச்: டப்பாவை எங்கே வைப்பது?

பொருநைப்பயணி எழுதியது:

புன்னைக்காயல் அலையாத்திக் காட்டோரம் நம்ம முத்துச்சலாபம் ஒளித்து வைத்த டப்பாவை எடுத்தாச்சு. கேச் பக்கத்தில் கண்டெடுத்தவர்கள் எழுதும் லாக்கில் (குறிப்பில்) நாலு வரிக்கு மேல் எழுதினால் யாரும் படிப்பதில்லை, அதனால் முழுக் கதையையும் இங்கே போடுகிறேன். கதைக்குப் பின்னால் ஒரு கேள்வி இருக்கிறது. இழையைத் தொடங்கியதே அதற்காகத்தான்.

புதிதாக வந்தவர்களுக்கு: ஜியோகேச் என்பது ஒரு தேடல் விளையாட்டு. ஒருவர் தண்ணீர் புகாத டப்பாவில் சின்ன நோட்டு ஒன்றைப் போட்டு எங்காவது ஒளித்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் தேடிப் போய், நோட்டில் பெயர் எழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்கா வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை 2000 மே மாதத் தொடக்கத்தில் எடுத்துவிட்டது. உடனே மே 3 அன்று ஆரிகன் மாநிலத்துக் காட்டில் டேவ் உல்மர் ஒரு வாளியை ஒளித்து வைத்தார். ஆட்டம் அங்கே ஆரம்பித்தது.

சரி, வழி. தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் சாலையில் பழையகாயல், முக்காணி தாண்டினால் ஆத்தூர். அங்கே கிழக்கே பிரிந்தால் புன்னைக்காயல், தாமிரபரணி கடலில் சேரும் இடம். 1986-இல் நெல்லை மாவட்டம் பிரிந்து தூத்துக்குடிப் பக்கம் போய்விட்டாலும் ஆறு நம்ம ஆறுதான். வனத்துறையில் கேட்டுச் சம்மதம் வாங்கிக்கொண்டு, ஊரில் பெரியவர் ஒருவரையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அவர் இல்லாமல் பாதி வழிகூடத் தாண்டியிருக்க முடியாது.

முதலில் உடங்காடு. சீமை உடை முள்ளுக்கு ரப்பர் செருப்பெல்லாம் எம்மாத்திரம், ஷூ போட்டுக்கொள்ளுங்கள். அதைத் தாண்டினால் உமரிச் செடி படர்ந்த வெளி. தரை இறுக்கமாக இருக்கிறது, மேலே பூத்த உப்பு மட்டும் காலடியில் நொறுங்குகிறது. அதற்கப்புறம் கண்டல் மரங்கள்.

அங்கேதான் ஆட்டம் மாறுகிறது. ஆப்பில் அம்பு நேர் கிழக்கே காட்டுகிறது, 70 மீட்டர் என்கிறது. நடுவில் ஓர் ஓடை கிடப்பது அம்புக்குத் தெரியாது. தண்ணீர் வற்றி, சாம்பல் நிறச் சேறு வழுவழுவென்று கிடக்கிறது. பார்த்தால் நடந்து கடந்துவிடலாம் போலத்தான் இருந்தது. பெரியவர் கையிலிருந்த கம்பை ஊன்றிக் காட்டினார். அழுத்தவே இல்லை, முழங்கை ஆழம் தானாக இறங்கியது. அழுத்தியதும் இடுப்பளவு போய்விட்டது. "வேர் இல்லாத இடத்துல கால் வச்சா நீ போயிருவ, வேர் உள்ள இடத்துல கால் வச்சா மரம் போயிரும். உமரி ஓரமாவே வா" என்றார்.

உமரி ஓரமாகவே சுற்றினோம். மரத்தடி நிழலுக்குள் போனதும் அம்பு தள்ளாட ஆரம்பித்தது. வெளியில் 4 மீட்டர் துல்லியம் காட்டிய போன், இலைக்கூரைக்குக் கீழே 12, 15 என்று ஏறியது. வானம் தெரியாத இடத்தில் சிக்னல் இலையிலும் கிளையிலும் பட்டுச் சிதறி வருவதால் அப்படித்தான் இருக்கும். இந்த மாதிரி இடத்தில் போனைப் பார்த்துக்கொண்டே நடக்கக் கூடாது. திறந்த வெளியில் நின்று திசையையும் தூரத்தையும் மனதில் வாங்கிக்கொண்டு, போனைப் பைக்குள் போட்டுவிட்டுக் கண்ணால் தேட வேண்டும்.

தேடின இடத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மரத்தைச் சுற்றிச் சேற்றுக்குள்ளிருந்து மூச்சு வேர்கள், ஆயிரக்கணக்கில் பென்சில் நட்டு வைத்த மாதிரி, விரல் தடிமனில் நிற்கின்றன. இலையைத் திருப்பிப் பார்த்தால் பொடி உப்பு. நாக்கில் வைத்துப் பார்த்தேன், சுத்தமான கரிப்பு. உறிஞ்சிய உப்பை இந்த மரம் இலை வழியாக வெளியே தள்ளிவிடுகிறது. வேர்களுக்கு நடுவே சின்னச் சின்ன வளைகள், ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக உள்ள நண்டுகள் நம் நிழல் பட்டதும் உள்ளே போய்விடுகின்றன. அசையாமல் நின்றால் ஒவ்வொன்றாக வெளியே வந்து கொடுக்கை ஆட்டுகின்றன.

டப்பா காட்டுக்குள் இல்லை. கரை மேட்டில் பட்டுப்போன உடை மரத்தில், நெஞ்சளவு உயரத்தில், கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். சோடா பாட்டிலாக ஊதுவதற்கு முன்னால் தடித்த பிளாஸ்டிக் குழாயாக இருக்கிறதே, அதுதான் டப்பா. நோட்டு ஓரத்தில் ஈரம் ஏறியிருந்ததால் பேனா எழுதவில்லை, பென்சில் எழுதியது.

இப்போது கேள்வி. அடுத்ததாக ஒரு டப்பாவைக் கண்டல் காட்டுக்கு உள்ளேயே, ஓடைக்கு அந்தப் பக்கம் வைக்கப் போவதாக முத்துச்சலாபம் சொல்கிறார். எனக்குச் சம்மதமில்லை. ஒரு டப்பா வைத்தால் அதைத் தேடி எத்தனையோ கால்கள் வரும், அத்தனையும் மூச்சு வேர் மேல்தான் விழும். உங்கள் கருத்து என்ன?

கருப்பட்டிக்காபி எழுதியது:

அருமை அண்ணாச்சி. வாசிக்கும்போதே சேறு ஒட்டுகிறது.

ஒரு சந்தேகம். கேச் பக்கத்தில் நிலப்பரப்பு, அதாவது போய்ச் சேரும் கடினம், 5-க்கு 4 என்று போட்டிருக்கிறார். கரை மேட்டில்தான் டப்பா என்றால் 3 போதுமே? ஓடைக்கு அந்தப் பக்கம் வள்ளத்தில் போய்த்தான் எடுக்க முடியும் என்றால்தான் 5 வரும். படகு, கயிறு மாதிரித் தனிச் சாதனம் இல்லாமல் எடுக்க முடியாததற்குத்தானே 5?

பாளைமாணவி எழுதியது:

வணக்கம். நான் புதுசு. கேச் பக்கத்தில் உள்ள அட்சரேகை, தீர்க்கரேகை எண்ணை மேப்பில் போட்டால் எனக்குப் புன்னைக்காயலே வரவில்லை, மணப்பாட்டுப் பக்கம் காட்டுகிறது. ஆப்பில் ஏதாவது கோளாறா?

கணக்குவாத்தியார் எழுதியது:

கோளாறு இல்லை அம்மா. நாம் எண்ணை எழுதும் முறையும் மேப் எதிர்பார்க்கும் முறையும் வேறு.

ஜியோகேச் பக்கங்களில் பாகையும் (டிகிரி), தசமத்தோடு கலையும் (மினிட்) வரும். உதாரணத்துக்கு வடக்கு 8° 38.400', கிழக்கு 78° 07.200' என்று வைத்துக்கொள். ஒரு பாகைக்கு 60 கலை என்பதால் 38.4-ஐ 60-ஆல் வகுக்க வேண்டும், 0.64 வரும். ஆகவே மேப்பில் போட வேண்டியது 8.640, 78.120. வகுக்காமல் 8.384 என்று போட்டால் 28 கிலோமீட்டர் தெற்கே தள்ளிவிடும். அதனால்தான் மணப்பாடு. பாகைக் குறியையும் கலைக் குறியையும் சேர்த்து அப்படியே ஒட்டினால் பெரும்பாலான மேப்புகள் தாமாகவே புரிந்துகொள்ளும்.

இன்னொன்றும் தெரிந்துகொள். கலையின் மூன்றாம் தசம இடத்தில் ஒன்று மாறினால் தரையில் 1.85 மீட்டர். ஏனென்றால் அட்சரேகையில் ஒரு கலை என்பது 1852 மீட்டர், ஒரு கடல் மைல். கடைசி எண்ணைத் தப்பாகப் படித்தால் சேற்றில் பத்துப் பதினைந்து மீட்டர் விலகி நிற்பாய். ஊருக்குள் அது ஒன்றுமில்லை. ஓடைக் கரையில் அப்படி இல்லை.

பாளைமாணவி எழுதியது:

நன்றி சார்! இப்போது ஆற்று முகத்துவாரம் வருகிறது.

மடவை எழுதியது:

நான் அந்த ஊர்க்காரன். எங்க அப்பா, தாத்தா எல்லாரும் கடல் தொழில். விளையாட்டு எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் சில விஷயங்களை மனதில் போட்டுக்கொண்டு வாருங்கள்.

முதலாவது தண்ணீர். எங்கள் கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் ஒரு மீட்டர்கூட இருக்காது. அதைக் கேட்டுவிட்டு வெளியூர்க்காரர்கள் அலட்சியமாக நினைக்கிறார்கள். தரை தட்டையாகக் கிடப்பதால் சாண் அளவு தண்ணீர் ஏறினாலே நீங்கள் வந்த தடம் முழுக்க மூடிவிடும். ஓடை எது, மேடு எது என்று தெரியாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். வற்ற ஆரம்பிக்கும்போது உள்ளே போய், திரும்ப ஏறுவதற்குள் கரைக்கு வந்துவிட வேண்டும். ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் என்கிற கடல் தகவல் நிறுவனம், திடீரென்று கடல் பொங்கி ஏறும் கள்ளக்கடலுக்கு எச்சரிக்கை கொடுத்திருந்தால் அன்றைக்கு வரவே வேண்டாம்.

இரண்டாவது, மேலே அந்தப் பெரியவர் சொன்னது. மூச்சு வேர் மேல் நடக்கக் கூடாது என்பது வனத்துறைக்குப் பயந்து சொல்வதில்லை. சேற்றுக்குள் காற்று கிடையாது, மரம் அந்த வேர் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. இறால் குஞ்சு, மீன் குஞ்சு, நண்டு எல்லாம் அந்த வேருக்குள்தான் ஒதுங்கி வளர்கின்றன. அது அழிந்தால் எங்கள் வலையில் என்ன விழும்? போதாததற்கு அலையாத்திக் காடு கடலோர ஒழுங்குமுறை விதியில் முதல் வகைப் பாதுகாப்பில் இருக்கிறது.

மூன்றாவது, டப்பா. கடற்கரை ஊர்களில் போலீஸ் ரோந்து உண்டு. கம்பி கட்டின குழாய் ஒன்று மரத்தில் தொங்குகிறது, மேலே எழுத்து ஒன்றுமில்லை என்றால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? டப்பா மேல் தமிழில் "இது ஜியோகேச், விளையாட்டுப் பொருள், ஆபத்து இல்லை" என்று எழுதி, தொடர்புக்கு ஓர் எண்ணும் போடுங்கள். ஊர் கமிட்டியிலும் சொல்லி வையுங்கள். சொல்லிவிட்டால் நாங்களே அதைப் பார்த்துக்கொள்வோம்.

செவிலியக்கா எழுதியது:

மடவை தம்பி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேரில் ஒட்டியிருக்கும் சிப்பி, பிளேடு மாதிரி வெட்டும். வெறுங்காலோடு இறங்கவே இறங்காதீர்கள். வெட்டுப்பட்டால் கையோடு கொண்டுபோன நல்ல தண்ணீரில் சேறு போகக் கழுவிக் கட்டுங்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் டிடி ஊசி விவரம் கேளுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் காலில் புண்ணோடு உப்புத் தண்ணீரில் நிற்கவே கூடாது, தொற்று வேகமாக ஏறும்.

காலைச் சேறு பிடித்துக்கொண்டால் நேர் மேலே இழுக்காதீர்கள். இழுக்க இழுக்க அடியில் வெற்றிடம் உண்டாகி இன்னும் பிடிக்கும். பின்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து, உடம்பு எடையைப் பரப்பி, காலை மெதுவாக ஆட்டி ஆட்டிச் சேற்றுக்குள் தண்ணீர் இறங்க விடுங்கள். பிடி தளர்ந்த பிறகு எடுங்கள். கூட வந்தவர் பக்கத்தில் ஓடி வந்து கையைப் பிடித்து இழுத்தால் இரண்டு பேரும் மாட்டுவீர்கள். தள்ளி நின்று கம்பை நீட்டட்டும்.

முத்துச்சலாபம் எழுதியது:

டப்பா வைத்தவன் நான்தான். எல்லோரும் அக்கறையாக எழுதியதற்கு நன்றி.

நான் உள்ளே வைக்க நினைத்ததற்குக் காரணம் இருக்கிறது. கரை மேட்டில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புகிறவனுக்குக் கண்டல் காடு என்றால் என்னவென்று தெரியவே தெரியாது. ஓடைக்குள் வள்ளத்தில் போகும்போது இரண்டு பக்கமும் கிளை கவிந்து, தண்ணீர் பச்சையாக நின்று, தலைக்கு மேல் கொக்குக் கூடு. அதைப் பார்த்தவன்தான் நாளைக்கு அந்தக் காட்டுக்காகப் பேசுவான். கிளையில் டப்பாவைக் கட்டினால் யாரும் இறங்கவே வேண்டாம், வள்ளத்தில் இருந்தபடி எடுக்கலாம். நிலப்பரப்பு 5. வள்ளக்காரருக்கும் கொஞ்சம் வருமானம்.

மடவை எழுதியது:

அண்ணே, வள்ளத்தில் வருவது நல்ல யோசனை. ஆனால் கிளையில் கட்டாதீர்கள். மரத்தடியில் ஜிபிஎஸ் பத்து மீட்டருக்கு மேல் தள்ளிக் காட்டும் என்று மேலே பொருநைப்பயணியே சொல்லியிருக்கிறார். பத்து மீட்டருக்குள் எந்தக் கிளை என்று தேடுகிறவன் ஒவ்வொரு கிளையாகப் பிடித்து இழுப்பான். கிடைக்காதவன் இறங்கியும் தேடுவான். அத்தோடு 2023 டிசம்பர் வெள்ளத்தை மறந்துவிடாதீர்கள். பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஆறு கரை மீறி வந்தபோது வீட்டுச் சாமானே நிற்கவில்லை. கிளையில் கட்டின பிளாஸ்டிக் அடுத்த வெள்ளத்தில் கடலுக்குத்தான் போகும்.

கொற்கைவன்னி எழுதியது:

டப்பாவே இல்லாமல் காட்டைக் காட்ட வழி இருக்கிறது. எர்த்கேச் போடுங்கள்.

எர்த்கேச் என்றால் டப்பா கிடையாது. நிலவியல் சார்ந்த இடத்துக்குப் போய், அங்கே நின்று பார்த்தால்தான் விடை தெரியும் என்கிற கேள்விகளுக்குப் பதில் அனுப்ப வேண்டும். 2004-இல் அமெரிக்க நிலவியல் சங்கத்தின் முயற்சியில் வந்த வகை. விவரணையை உள்ளூர் மொழியில் எழுதியாக வேண்டும் என்பது விதி, எனவே தமிழில் எழுதலாம். இடத்துக்குப் பொறுப்பானவர்களின் அனுமதி இதற்கும் வேண்டும்.

இதைவிட நல்ல இடம் தென் தமிழ்நாட்டில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கொற்கை பாண்டியர் துறைமுகம், முத்துக்குப் பேர் போனது. இன்றைக்குக் கொற்கையில் நின்று பாருங்கள், வயலும் குளமும் வாழையும்தான். கடல் பல கிலோமீட்டர் கிழக்கே. கொற்கைக்குக் கிழக்கே பழையகாயல். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ காயல் என்று எழுதிய துறைமுகம் அதுதான் என்று கால்டுவெல் அடையாளம் சொன்னார். அங்கேயும் இப்போது கப்பல் வராது. அப்புறம் போர்ச்சுகீசியர் காலத்தில் புன்னைக்காயல். ஆறு கொண்டுவந்த வண்டல் படியப் படியத் துறைமுகம் கடலைத் தேடி நகர்ந்துகொண்டே வந்திருக்கிறது. மூன்று ஊர்களையும் ஒரே காலையில் பைக்கில் பார்த்துவிடலாம். அந்த வண்டல் இன்றைக்கும் படிந்துகொண்டிருக்கும் இடம்தான் நம் கண்டல் சேறு.

கேள்விகளுக்கு ஒரு வரைவு: கொற்கைக் குளக்கரையில் ஒரு சிட்டிகை மண்ணையும், புன்னைக்காயல் கரை மேட்டில் ஒரு சிட்டிகையையும் விரலில் தேய்த்துப் பாருங்கள், எது நறநறக்கிறது, எது மாவாக ஒட்டுகிறது? வற்றத்தின்போது ஓடைக் கரையின் வெட்டுமுகத்தில் மேலே என்ன நிறம், ஒரு சாணுக்குக் கீழே என்ன நிறம்? கீழே கறுப்பாகவும் அழுகிய முட்டை வாடையோடும் இருந்தால் ஏன் என்று எழுதுங்கள். காற்றில்லாத சேற்றில் கடல்நீரின் சல்பேட்டை நுண்ணுயிர்கள் ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றுவதுதான் விடை, மூச்சு வேர் ஏன் தேவை என்பதும் அதிலேயே விளங்கிவிடும். எல்லாவற்றையும் கரையிலோ வள்ளத்திலோ இருந்தே பார்க்கலாம்.

பொருநைப்பயணி எழுதியது:

இதுதான், இதுதான் எனக்கு வேண்டியது. கொற்கையில் நின்று மண்ணைத் தொட்டுவிட்டு அதே நாளில் புன்னைக்காயல் சேற்றைத் தொடுகிறவனுக்கு ஆறு என்ன வேலை பார்த்திருக்கிறது என்று கைக்கே தெரிந்துவிடும்.

அம்பைக்காரி எழுதியது:

நல்ல இழை. மேற்கே எங்கள் பக்கத்துக்கும் யாராவது ஒரு சதுப்புக் காட்டு கேச் போடக் கூடாதா? மாஞ்சோலை, குதிரைவெட்டி பக்கமெல்லாம் ஓடையும் சேறும் அட்டையுமாக அவ்வளவு அழகு.

கணக்குவாத்தியார் எழுதியது:

அங்கே வேண்டவே வேண்டாம். அது களக்காடு முண்டந்துறை. 1962-இல் முண்டந்துறை, 1976-இல் களக்காடு என்று தனித்தனிச் சரணாலயங்களாக இருந்து, 1988-இல் புலிகள் காப்பகம் ஆனது. வனவுயிர்ச் சட்டப்படி அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம், டப்பா வைப்பது பற்றிப் பேச்சே இல்லை. சொரிமுத்தையனார் கோவிலுக்குப் போகும் வழியில் காரில் இருந்து இறங்கி வைத்தாலும் அதே கதைதான்.

சதுப்புக் காடு பார்க்க ஆசை என்றால் செங்கோட்டை, ஆரியங்காவு தாண்டிக் குளத்துப்புழைப் பக்கம் காட்டுச் சாதிக்காய்ச் சதுப்புகள் இருக்கின்றன. நன்னீர்ச் சதுப்பு, மரங்களின் வேர் முழங்காலை மடக்கின மாதிரி தண்ணீருக்கு மேலே வளைந்து நிற்கும். கேரள வனத்துறையிடம் கேட்டுப் போய்க் கண்ணால் பார்த்துவிட்டு வா அம்மா.

துபாய்நெல்லையன் எழுதியது:

லீவுக்கு வரும்போது முயற்சி பண்ணலாம் என்றிருக்கிறேன். என்னிடம் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கார்மின் இன்ரீச் இருக்கிறது. கொண்டு வரலாமா?

பொருநைப்பயணி எழுதியது:

கொண்டு வராதீங்க அண்ணாச்சி. செயற்கைக்கோள் வழியாகப் பேசும், செய்தி அனுப்பும் எந்தக் கருவிக்கும் நம் நாட்டில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி வேண்டும். இல்லாமல் கொண்டு வந்து விமான நிலையத்திலேயே வழக்கில் மாட்டினவர்கள் உண்டு. போன் போதும். வீட்டிலேயே மேப்பைத் தரவிறக்கி வைத்துக்கொண்டு, இரண்டு நெகிழிப் பையில் சுற்றிக் கொண்டுவாருங்கள். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.

முத்துச்சலாபம் எழுதியது:

எல்லாம் வாசித்தேன். உள்ளே டப்பா வைக்கும் திட்டம் வேண்டாம். கொற்கைவன்னி அக்காவோடு சேர்ந்து எர்த்கேச் எழுதுகிறேன், வனத்துறைக்கு மனுவும் நானே கொடுக்கிறேன். வள்ளத்தில் போகிறவர்கள் ஓடைக் கரையைப் பார்த்துப் பதில் எழுதட்டும், மரத்தைத் தொடத் தேவையில்லை. கரை மேட்டு டப்பா அப்படியே இருக்கும். அதன் மேல் தமிழில் எழுதி ஒட்டிவிடுகிறேன், நோட்டையும் மாற்றி உள்ளே பென்சில் போடுகிறேன். கருப்பட்டிக்காபி சொன்னது சரி, கரை மேட்டுக்கு 3 போதும். ஆனால் உடங்காட்டு முள்ளுக்காக 3.5 போடுகிறேன்.

மடவை தம்பி, குறிப்பில் "உமரி ஓரமாகவே வரவும், ஓடைக்குள் இறங்க வேண்டாம்" என்று சேர்க்கப் போகிறேன். எந்த இடத்திலிருந்து உமரி ஓரம் தொடங்குகிறது என்பதற்கு உள்ளூரில் சொல்லும் அடையாளம் ஏதாவது உண்டா?

மடவை எழுதியது:

தார் ரோடு முடிகிற இடத்தில் வலை காயப்போடும் மேடு இருக்கிறது. அங்கிருந்து இடது கையை உடங்காட்டுப் பக்கம் வைத்துக்கொண்டே நடக்கச் சொல்லுங்கள். மேட்டில் யாராவது வலை பின்னிக்கொண்டு இருப்பார்கள். அவர்களிடம் வற்றம் எத்தனை மணிக்கு என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்கச் சொல்லி அதையும் குறிப்பில் போடுங்கள்.